முருங்கையை ஒடிக்கத் தெரிஞ்சவன் புள்ளைய அடிக்க மாட்டான்



இந்தச் சித்திரையில அடிச்ச கோடை மழைக் காத்துல எங்க தோட்டத்துல 23 முருங்கை மரம் பிளந்து போச்சு. அதே வாரத்துல வீட்லயும் ஒரு சம்பவம் நடந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பழமொழி வந்து நின்னுக்கிச்சு. அதை மனசுல போட்டு உருட்டிக்கிட்டே இருந்தேன். இன்னைக்குத் தண்ணி கட்டுற வேலை இல்லை, அதனால எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் பழமொழி உங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். "முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், புள்ளைய அடிச்சு வளர்க்கணும்." நான் சொல்ல வர்றது இதுதாங்க. முதல் பாதி சரி. ரெண்டாவது பாதி தப்பு. இன்னும் சொல்லப் போனா, இதை எடுத்து விடுற முக்காவாசிப் பேருக்கு முதல் பாதியே சரியாத் தெரியாது. எனக்கும் ரொம்ப வருஷம் தெரியாமத்தான் இருந்துச்சு.

முதல்ல முருங்கையைப் பேசிடுவோம்.

எங்க காடு அரவக்குறிச்சிக்கும் மூலனூருக்கும் நடுவுல இருக்குது. சரளை கலந்த செம்மண். மழை கம்மி. ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து ஆளைத் தள்ளும். காத்தாடி மில்லு எல்லாம் சும்மாவா இந்தப் பக்கம் கொண்டாந்து நட்டாங்க? இந்த மண்ணுக்கு முருங்கைதான் தோது. எங்க அப்பாரு காலத்துல போத்து நட்டு வளர்த்த மரம். கைத்தண்டி கனத்துல கிளையை வெட்டி, நட்டு, மேல் வெட்டுல ஒரு உருண்டை சாணியை அப்பி விடுவாங்க. இப்ப நான் அரை ஏக்கர்ல விதை போட்டு வளர்க்குறது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில கண்டுபிடிச்ச பி.கே.எம். 1. ரெண்டரை மீட்டருக்கு ரெண்டரை மீட்டர் இடைவெளி. மொத்தம் 320 செடி.

செடி முருங்கையை விதைச்சு விட்டுட்டா அது பாட்டுக்கு நேரா மேல போகும். ரெண்டு ஆள் உசரத்துக்குப் போய் உச்சியில கொஞ்சம் இலையை வெச்சுக்கிட்டு நிக்கும். காய் உச்சியில தொங்கும், தொரட்டிக் கோலுக்கும் எட்டாது. அதனால விதைச்ச ரெண்டு மாசத்துல, செடி 75 சென்டிமீட்டர், அதாவது ரெண்டரை அடி இருக்கும்போது நுனிக் குருத்தைக் கிள்ளி விடணும். இதைத்தான் ஒடிக்கிறதுன்னு பெரியவங்க சொன்னாங்க. அரிவாளும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். கட்டை விரல் நகமும் ஆட்காட்டி விரலும் போதும். டிக்குன்னு ஒடிஞ்சு வரும். அந்தப் புண்ணு ரெண்டு மூணு நாள்ல காஞ்சிடும்.

கிள்ளுனா ஏன் கிளைக்குதுன்னு எனக்கும் முன்ன தெரியாது. தம்பி மக பத்தாவது படிக்குது. அது புத்தகத்துல காட்டுச்சு. நுனிக் குருத்துல ஆக்சின்னு ஒரு ஹார்மோன் உண்டாகி கீழ இறங்குதாம். அது இறங்குற வரைக்கும் இலைக் கணுவுல இருக்குற மொட்டெல்லாம் தூங்கிக்கிட்டே இருக்குமாம். நுனி ஆதிக்கம்னு பேரு. நுனி போனதும் தூங்குற மொட்டெல்லாம் முழிச்சுக்குது. "பெரியப்பா, நீங்க பண்றதைத்தான் இங்க படம் போட்டிருக்காங்க"ன்னு சொல்லிச்சு. எனக்குக் கொஞ்சம் பெருமையா இருந்துச்சு.

இதுல முக்கியமான சங்கதி, நேரம். போன வருஷம் புரட்டாசி ஆரம்பத்துல விதைச்சேன். கார்த்திகையில கிள்ளணும். 280 செடியைக் கிள்ளிட்டேன். கிணத்து மேட்டு ஓரம் இருக்குற 40 செடி பாக்கி. அந்த நேரம் பார்த்து எங்க வீட்ல அவங்களுக்கு வயித்துல ஆபரேஷன். கரூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா ஒரு மாசம் ஓடிப் போச்சு. திரும்பி வந்து பார்த்தா மார்கழியில அந்த 40 செடியும் ஆறடி உசரத்துல நிக்குது. அடித்தண்டு முத்திப் போச்சு. சரி, லேட்டானா என்னன்னு அரிவாளை எடுத்து மூணடி உசரத்துல ஒரே வெட்டா வெட்டி விட்டேன். வேலை அரை நாள்ல முடிஞ்சுது. அப்ப எனக்குத் திருப்தியாத்தான் இருந்துச்சு.

சித்திரையில காத்து வந்தப்ப பிளந்த 23 மரத்துல 17 மரம் அந்த நாப்பதுல உள்ளது. மிச்ச 280ல பிளந்தது ஆறுதான். நீங்களே பார்த்துக்குங்க.

ஏன் அப்படின்னு மரம் மரமாப் போய்ப் பார்த்தேன். முத்துன தண்டை வெட்டுனா, வெட்டு வாய்க்குக் கீழ ஒரே இடத்துல இருந்து நாலஞ்சு கிளை கொத்தா எழும்புது. எல்லாம் ஒரே நேரத்துல, ஒரே கனத்துல, கையைக் கூப்புன மாதிரி ஒட்டிக்கிட்டு மேல போகுது. ரெண்டு கிளை அப்படி ஒட்டிப் போனா நடுவுல பட்டை உள்ள மடங்கி மாட்டிக்கும். கட்டையும் கட்டையும் சேராது. வெளிய பார்த்தா ஒட்டுன மாதிரி தெரியும், உள்ள ஒட்டே இருக்காது. அது போக, வெட்டுன வாயில மழைத்தண்ணி நின்னு அழுகலும் பிடிச்சிருந்துச்சு. நான் சாய்வா வெட்டலை, மேல சாணியும் வெக்கலை. அப்பாரு செஞ்சதை நான் மறந்துட்டேன்.

குருத்துலயே கிள்ளுன செடி அப்படி இல்லை. பக்கக் கிளை ஒவ்வொண்ணும் தண்டோட வேற வேற கணுவுல இருந்து, வேற வேற பக்கமா, அகலக் கை நீட்டுன மாதிரி வருது. கிளை கனக்க கனக்க அடித்தண்டும் கூடவே கனக்குது. காத்து வந்தா ஆடும், ஆனா தாங்கும்.

முருங்கைக் கட்டை எவ்வளவு மெதுன்னு உங்களுக்கே தெரியும். முருங்கை பருத்தாத் தூணாகுமான்னு கேட்பாங்க. பி.கே.எம். காய் ஒண்ணு சுமாரா 150 கிராம் வரும். ஒரு மரத்துல ஒரே சமயத்துல நூறு காய் தொங்குனா 15 கிலோ. மழையில நனைஞ்ச இலை கனம் வேற. இதுல யூரியாவை அள்ளிப் போட்டுத் தண்ணியையும் நெறயக் கட்டுனா கிளை தளதளன்னு ஓடும், வலு இருக்காது. அப்புறம் காத்தைத் திட்டி என்ன ஆகப் போகுது?

சரி, என்ன செய்யலாம்னு கேட்பீங்க. நான் செய்யறதைச் சொல்றேன்.

ரெண்டரை அடியில நுனியைக் கிள்ளியாச்சா, பக்கக் கிளை ஒன்றரை அடி வந்ததும் அதோட நுனியையும் இன்னொரு தடவை கிள்ளுவேன். இதை எல்லாரும் செய்யறதில்லை, எனக்கு இது ஒத்து வருது. வர்ற கிளையில நாலஞ்சை மட்டும் வெச்சுக்கிட்டு, ஒட்டிப் போறதையும் உள் பக்கமாத் திரும்புறதையும் பிஞ்சுலயே எடுத்துடுவேன். கொய்யாக் கிளையை வளைச்சுக் கயிறு போட்டுக் கட்டுற மாதிரி முருங்கையைக் கட்டலாம்னு நினைக்காதீங்க. கொய்யா வளையும். முருங்கை வளையாது, ஒடிஞ்சிடும். அதுக்கு எந்தக் கிளை இருக்கணும், எது போகணும்னு முன்கூட்டியே பார்த்து எடுக்கறதுதான் வழி.

காய் பிடிச்சதுக்கு அப்புறம் கனமான கிளைக்குக் கவட்டைக் குச்சி முட்டுக் கொடுங்க. விலை இல்லைன்னு காயை மரத்துலயே விட்டுடாதீங்க. மார்கழியில கிலோ 200 ரூபாய்க்கு மேல போற காய் பங்குனி, சித்திரையில 5 ரூபாய்க்குக் கேட்க ஆள் இருக்காது. வயித்தெரிச்சல்ல விட்டுடத் தோணும். ஆனா கிளைதான் ஒடியும்.

பிளந்தே போச்சுன்னா அன்னைக்கே பாருங்க. முதல்ல காயை இறக்கி, கிளையைப் பாதி வெட்டிக் கனத்தைக் குறைங்க. பிளவைச் சேர்த்துப் பிடிச்சு, சாக்கைச் சுத்தித் தேங்காய் நார்க் கயிறுல இறுக்கிக் கட்டணும். மேல செம்மண்ணும் சாணியும் குழைச்சுப் பூசலாம். இல்லேன்னா ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, பத்து லிட்டர் தண்ணி சேர்த்த போர்டோ பசை பூசலாம். அதை இரும்புச் சட்டியில கலக்காதீங்க, பிளாஸ்டிக் வாளி நல்லது. பிளவு அடித்தண்டு வரைக்கும் இறங்கியிருந்தா கட்டிப் புண்ணியம் இல்லை. பிளவுக்குக் கீழ நல்ல கட்டையில சாய்வா வெட்டி விட்டுடுங்க, மறுபடி துளிர்க்கும். என்னோட 23ல ஒம்பதைக் கட்டுனேன், பதினாலை வெட்டுனேன்.

இப்ப வீட்டுக் கதைக்கு வர்றேன்.

காத்து அடிச்ச மூணாம் நாள். பையன் குடும்பத்தோட திருப்பூர்ல இருந்து லீவுக்கு வந்திருந்தான். பேரனுக்கு ஆறு வயசு. நான் மரத்துக்குக் கட்டுப் போட்டுக்கிட்டு இருக்கேன், பக்கத்துக் காட்டு மச்சானும் ஒத்தாசைக்கு வந்திருந்தார். பேரன் தொட்டிக் கேட்டு வால்வைத் திறந்து விட்டுக் கப்பல் விட்டு விளையாடியிருக்கான். மூடத் தெரியலை. தொட்டித் தண்ணி பூராவும் தடத்துல ஓடிப் போச்சு. சித்திரை வெயிலு, கிணத்துல தண்ணி அடியில கிடக்கு, மும்முனைக் கரன்ட் வந்தாத்தான் மறுபடி ஏத்த முடியும். மரம் போன எரிச்சல் வேற. கையை ஓங்கிட்டுப் போயிட்டேன்.

பையன் நடுவுல வந்து நின்னான். சத்தம் கூடப் போடலை. "என்னை அடிச்சீங்க, சரி. இவன் மேல கை வெக்காதீங்கப்பா"ன்னான்.

மச்சான் சிரிச்சுக்கிட்டே, "ஏப்பா, முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், புள்ளைய அடிச்சு வளர்க்கணும்னு சும்மாவா சொன்னாங்க? நீயே அடி வாங்கித்தானே ஆளான?"ன்னார். பையன் பதில் சொல்லலை. புள்ளையைத் தூக்கிட்டுச் சாளைக்குப் போயிட்டான்.

அன்னைக்கு ராத்திரி எங்க வீட்ல அவங்க ஒரு வார்த்தை கேட்டாங்க. "ஏனுங்க, ஒம்பதாவதுல அடிச்சதுக்கு அப்புறம் அவன் ஒரு நாளாச்சும் உங்க பக்கத்துல உட்கார்ந்து பேசிப் பார்த்திருக்கீங்களா?"

எனக்கு மறந்து போகலைங்க. ஒம்பதாவதுல அவன் கணக்குல 22 மார்க் வாங்கிட்டு வந்தான். நான் பத்தாவதோட நின்னவன், இவனாவது மேல போகணும்னு ஆசை. புளியம் விளாரை ஒடிச்சு, வாசல்ல நிக்க வெச்சு அடிச்சேன். அவன் அழலை. அதுக்கப்புறம் மார்க் அட்டையில கையெழுத்து அவங்க அம்மாகிட்டத்தான் வாங்குவான். பதினொண்ணாவதுல பள்ளிக்கூடத்துக்குக் கண் பரிசோதனை முகாம் வந்தப்பத்தான் தெரிஞ்சுது, அவனுக்குக் கரும்பலகை எழுத்தே தெரியலைன்னு. கடைசி பெஞ்சுல உட்கார்ந்து ரெண்டு மூணு வருஷமாப் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதியிருக்கான். கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். ஆனா அடிச்சதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. அப்பன் புள்ளைகிட்ட என்னத்தைப் பேசறதுன்னு விட்டுட்டேன். பன்னண்டாவது முடிச்சதும் பனியன் கம்பெனிக்குன்னு போனவன்தான். பொங்கலுக்கு வருவான், தீபாவளிக்கு வருவான், பணம் தருவான், எல்லாம் செய்வான். எங்கிட்டச் சொல்ல வேண்டியதை அம்மாகிட்டச் சொல்லி அனுப்புவான்.

இதை எதுக்கு இங்க எழுதறேன்னா, அந்தப் பழமொழியை நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். அதை நம்பித்தான் விளாரைக் கையில எடுத்தேன்.

மச்சான் இதுக்கு ஒரு நியாயம் சொல்லுவார், எனக்குத் தெரியும். "காய் ஓஞ்சதுக்கு அப்புறம் மரத்தையே மூணடிக்கு வெட்டி விடறோமே, மறுதாம்பு நல்லாத்தானே வருது, நாலஞ்சு மாசத்துல மறுபடி காய்க்குதே, அது அடி இல்லையா?"ன்னு கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனா அந்த வெட்டை நாம எப்ப வெட்டறோம்? மரம் காய்ச்சு ஓஞ்ச பிறகு, வேர் நல்லாப் பிடிச்ச பிறகு. வெட்டுனதும் குழியைக் கொத்தி, எருப் போட்டு, தண்ணி கட்டறோம். கோபத்துல யாராவது முருங்கையை வெட்டுவாங்களா? போன வருஷம் காய்க்கலைன்னு விளாரை எடுத்து மரத்தை யாராவது அடிப்பாங்களா? செடி வாடுனா முதல்ல வேரைத்தான் பார்ப்போம். தண்ணி பத்தலையா, புழு அரிக்குதான்னு தோண்டிப் பார்ப்போம். என் பையன் மார்க் வாடுனப்ப நான் எதையும் தோண்டிப் பார்க்கலை. கண்ணு தெரியுதாடான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் போதும்.

நாங்களும் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், நல்லாத்தானே இருக்கோம்னு சொல்றவங்களும் உண்டு. பிளக்காம நின்ன 23 மரம் அந்த நாப்பதுலயும் இருக்குது. அதுக்காக லேட்டா வெட்டறதுதான் நல்லதுன்னு நான் சொல்ல முடியுமா? அதுகளுக்குக் காத்து படாத இடம் அமைஞ்சுது, தப்பிச்சுது. நாமளும் அப்படித் தப்பிச்சவங்கதான். பள்ளிக்கூடத்துல புள்ளைங்களை அடிக்கக் கூடாதுன்னு 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டமே சொல்லுது. வாத்தியார் அடிச்சா மனுக் கொடுக்கப் போற நாம வீட்ல மட்டும் விளாரை வெச்சுக்கலாமா?

புள்ளைங்களை அவுத்து விட்ட மாடு மாதிரி விடச் சொல்லலைங்க. கிள்ளாத முருங்கை ஒட்டடைக் குச்சி மாதிரி போகும்னு நானேதான் சொன்னேன். பிஞ்சுலயே, பக்கத்துல உட்கார்ந்து, இது சரி இது தப்புன்னு சொல்லிக் கொடுக்கணும். அதுக்குத் தினமும் தோட்டத்துக்குள்ள நடக்கணும். செடி ரெண்டரை அடி ஆச்சான்னு பார்க்கறவனுக்குத்தான் நகத்தால கிள்ள முடியும். பார்க்காம விட்டவன்தான் அரிவாளைத் தேடுவான். நான் காடு, சந்தை, கடன்னு ஓடிக்கிட்டு இருந்து, மார்க் அட்டை வந்த அன்னைக்கு மட்டும் அப்பனா வந்து நின்னேன். அது லேட்டா எடுத்த அரிவாள்தான்.

மறுநாள் காலையில பையன் காப்பி குடிச்சுக்கிட்டுத் திண்ணையில உட்கார்ந்திருந்தான். போய்ப் பக்கத்துல உட்கார்ந்தேன். "கண்ணு, அன்னைக்கு நான் அடிச்சது தப்பு. உனக்குக் கண்ணு தெரியலைன்னு தெரியாமப் போச்சு"ன்னேன். பதினாறு வருஷம் கழிச்சுச் சொல்றேன். அவன் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கிட்டு இருந்தான். "விடுங்கப்பா"ன்னான். அவ்வளவுதான். அப்புறம் எழுந்திரிச்சு, "இன்னும் எத்தனை மரம் கட்டணும்?"னு கேட்டான். நாலு இருந்துச்சு. அவன் பிளவைச் சேர்த்துப் பிடிச்சான், நான் கயிறு கட்டுனேன். பேரன் செம்மண்ணைக் குழைச்சுக் கொடுத்தான். சொக்காயெல்லாம் சாணி. மருமக, "மாமா, இவனை இப்படியே பஸ்ல எப்படிக் கூட்டிட்டுப் போறது?"ன்னு சத்தம் போட்டுச்சு. பேரனுக்கு வால்வு மூடறது எப்படின்னும் அன்னைக்கே காட்டிக் கொடுத்துட்டேன். ரெண்டு தடவை மூடிக் காட்டுனான்.

கட்டுன ஒம்பதுல எட்டு கூடிடுச்சு. ஒண்ணு காஞ்சு போச்சு. வெட்டுன பதினாலும் துளிர்த்திருக்கு. இந்தத் தடவை துளிர் விரல் நீளம் இருக்கும்போதே தெக்கால ஒண்ணு, வடக்கால ஒண்ணுன்னு பார்த்து நிறுத்திக்கிட்டு மிச்சத்தை எடுத்துட்டேன்.

கிணத்து மேட்டுல காலியான குழிக்கு ஆவணிக் கடைசியில விதை போடப் போறேன். தீபாவளியை ஒட்டி நுனி கிள்ளுற பருவம் வரும். பேரன் வந்தா அவன் கையாலயே கிள்ளச் சொல்லலாம்னு இருக்கேன். உங்க காட்டுலயும் செடி ரெண்டரை அடி வந்திருந்தா நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க. வீட்ல அடிச்ச புள்ளை இருந்தா, அதுக்கும் நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க.

மோட்டார் போடுற நேரமாச்சு. வரட்டுங்களா.